கிளாகோமா லேசர்: தழும்பு எவ்வளவு காலம், பலன் எவ்வளவு காலம்?

கேள்வி, 9 ஜனவரி 2023

அப்பாவுக்கு 61 வயது. இரண்டு கண்ணிலும் கிளாகோமா, அதாவது கண் அழுத்த நோய். சொட்டு மருந்தை ஒழுங்காக விடமாட்டேன் என்கிறார், அதனால் லேசர் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். சித்தப்பா குறுக்கே நிற்கிறார். "லேசர் சுட்ட இடம் தழும்பாகிவிடும். பலன் நாலு வருஷம், தழும்பு ஆயுசுக்கும். பின்னாடி ஆபரேஷன் என்றால்கூட அந்தக் கண்ணில் எடுபடாது" என்கிறார். இது உண்மையா?

பதில், 9 ஜனவரி 2023, இரவு

உங்கள் சித்தப்பா எந்த லேசரைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. பழைய உண்மை.

என் வலது கண்ணில் 1993இல் ஆர்கான் லேசர் வைத்தார்கள். இடது கண்ணில் 2016இல் எஸ்.எல்.டி என்ற புது வகை லேசர். ஒரே ஆள், ஒரே நோய், இரண்டு தலைமுறை லேசர். அதனால்தான் இதில் மூக்கை நுழைக்கிறேன். டாக்டர் இல்லை, பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன்.

கிளாகோமாவுக்கு லேசர் என்றால் குறைந்தது நாலு வேலை இருக்கிறது. கண்ணுக்குள் நீர் வடியும் சல்லடைத் திசுவைச் சுடும் ஆர்கான். அதே சல்லடையில் சுடாமல் தட்டும் எஸ்.எல்.டி. ஐரிஸில், அதாவது கண்ணின் நிற வளையத்தில், ஓட்டை போடுவது. நீர் சுரக்கும் சிலியரி திசுவையே கருக்குவது. நாலும் தொடும் திசு ஒன்றில்லை, விடும் தடயமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. உங்கள் அப்பாவுக்கு அனேகமாக இரண்டாவது. கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

10 ஜனவரி 2023

பின்னணி கொஞ்சம். கண்ணுக்குள் சிலியரி திசுவில் சுரக்கும் நீர், ஐரிஸுக்குப் பின்னாலிருந்து கண் பாப்பா வழியாக முன்னே வந்து, கருவிழியும் (கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலம்) ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில் வடிகிறது. அங்கே ஒரு சல்லடைத் திசு இருக்கிறது. மெல்லிய நார்கள், அவற்றின் மேல் போர்த்திய செல்கள். அதைத் தாண்டினால் ஷ்லெம் கால்வாய், அப்புறம் ரத்தக் குழாய். கோணம் திறந்தே இருந்தும் அழுத்தம் ஏறினால் கோளாறு பெரும்பாலும் இந்தச் சல்லடையில். வயதாக ஆக அதன் செல்கள் எல்லோருக்கும் குறைகின்றன; கிளாகோமாக்காரர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்திருப்பதை அல்வராடோ குழு 1980களில் எண்ணிக் காட்டியது.

1970களில் லேசர் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான்: அடைத்த சல்லடையில் ஓட்டை போடு. மாஸ்கோவில் கிராஸ்னோவ் ரூபி லேசரால் போட்டார். அழுத்தம் இறங்கியது. ஆனால் இந்த வகை ஓட்டைகள் ஆறி மூடிக்கொண்டன.

1974இல் அமெரிக்காவில் காஸ்டர்லாண்ட், குப்ஃபர் இருவரும் ரீசஸ் குரங்குகளின் சல்லடையை ஆர்கான் லேசரால் திரும்பத் திரும்பச் சுட்டார்கள். எதற்கு? கிளாகோமாவை வரவழைப்பதற்கு! வந்தது. இன்றும் ஆய்வுக் குரங்குகளுக்கு நோயை உண்டாக்க அந்த வழிதான் பயன்படுகிறது. ஐந்தே வருடம் கழித்து, 1979இல், வைஸும் விட்டரும் அதே ஆர்கானால், அதே சல்லடையில், இடைவெளி விட்டு அளவாகச் சுட்டு அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார்கள். மருந்தும் நஞ்சும் அளவில்தான் என்று சொல்வோமே, இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

10 ஜனவரி 2023, சிறிது நேரம் கழித்து

"சுடும்போது கருகல் வாசனை வருமா சார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வராது. வாய்க்குள் கசப்பு வரும், அது மரத்துப்போக விட்ட சொட்டு மருந்து தொண்டைக்கு இறங்குவது.

14 ஜனவரி 2023

பொங்கல் வேலைக்கு நடுவே எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

ஆர்கான் சுட்ட சல்லடையை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? முதல் நாட்களில், சுட்ட புள்ளியில் ஒரு குழி. நார்கள் வெந்து சுருங்கி, அறுந்து, சுற்றிலும் சிதைந்த செல்களின் குப்பை, அதை அள்ளித் தின்ன வந்த மேக்ரோஃபேஜ்கள். மாதங்கள் போனதும் அந்த இடத்தில் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருக்கின்றன. அதைவிட முக்கியமானது, கருவிழியின் உள்பக்கத்தை வரிசையாகப் போர்த்தியிருக்கும் செல்கள் மெல்லச் சல்லடையின் மேல் நகர்ந்து வந்து ஒரு மெல்லிய சவ்வை விரித்துவிடுகின்றன. வடிகால் மேல் சவ்வு! சித்தப்பா சொல்லும் தழும்பு இதுதான். இது போகாது.

அப்படியானால் அழுத்தம் எப்படிக் குறைந்தது? வைஸின் கணக்கு எளிமையானது: வளையத்தில் நூறு இடத்தில் சுருக்கினால் வளையம் இறுகும், புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் நார்கள் இழுபட்டு இடைவெளி விரியும். பள்ளிக்கூட இயற்பியல், எனக்குப் பிடித்த விளக்கம். ஆனால் அது மட்டுமே போதாது என்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் அக்காட் குழு காட்டியது. லேசர் பட்ட சில நாட்களில் சல்லடையின் முன் ஓரத்தில் செல்கள் பிரிந்து பெருகுகின்றன, பிறகு சுட்ட இடத்தை நோக்கி நகர்ந்து குடியேறுகின்றன. கூடவே இன்டர்லூகின், டி.என்.எஃப் போன்ற சமிக்ஞைகள் கிளம்பி, நார்களுக்கிடையே அடைத்திருக்கும் பொருளைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்க வைக்கின்றன. ஆக, பலன் கொடுத்தது தழும்பு இல்லை. பெரும்பகுதி, காயத்துக்குப் பக்கத்தில் பிழைத்த செல்களின் பதில் வேலை.

பலன் ஒரு கணக்கு, தழும்பு வேறு கணக்கு. சித்தப்பா இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறார்.

15 ஜனவரி 2023

"பலன் நாலு வருஷம்" என்பதற்கு எண் வேண்டுமென்றால்: ஷிங்கிள்டன் குழு 1993இல் வெளியிட்ட பத்தாண்டுப் பின்தொடர்வில், ஆர்கான் வேலை செய்த கண்கள் முதல் வருடம் 77 சதவீதம், ஐந்தாம் வருடம் 49, பத்தாம் வருடம் 32. எனக்கு வலது கண்ணில் வைத்ததும் அதே 1993. அந்தக் கட்டுரையை அன்று யாராவது என்னிடம் காட்டியிருந்தால் லேசர் வேண்டாம் என்றிருப்பேனா? இல்லை. சொட்டு மருந்து விலை அன்று என் சம்பளத்துக்குக் கனமாக இருந்தது.

வலது கண் அழுத்தம் நன்றாக இறங்கி, சில வருடம் அடங்கிக் கிடந்தது. பிறகு ஒவ்வொரு பரிசோதனையிலும் ஒன்று, இரண்டு என்று ஏறியது. மறுபடி ஆர்கான் வைக்கலாமா என்று நானே கேட்டேன். டாக்டர் மறுத்துவிட்டார்: வளையம் முழுக்க ஏற்கெனவே சுட்டாயிற்று, இன்னொரு முறை சுட்டால் இறங்குவதைவிட ஏறும் வாய்ப்பு. குரங்குக் கதை அன்று எனக்குத் தெரியாது. 2004இல் டிரெபெக்குலெக்டமி, அதாவது நீர் வடியப் புது வழி திறக்கும் ஆபரேஷன், ஆனது.

19 ஜனவரி 2023

மேலே டிரெபெக்குலெக்டமி என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முதல் கேள்வியின் கடைசிப் பகுதியும் அதுதான்: லேசர் வைத்த கண்ணில் ஆபரேஷன் எடுபடுமா?

எடுபட்டது, என் கண்ணில். ஆனால் ஒரு கண் சாட்சி ஆகாது. 1980களின் கடைசியில் வந்த சில ஆய்வுகள், முன்பே ஆர்கான் வைத்த கண்களில் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கொப்புளம் உறைகட்டிக்கொள்வது அதிகம் என்றன. கொப்புளம் என்றால் பயப்பட வேண்டாம். புதிதாகத் திறந்த வழியில் நீர் வந்து மேல் இமைக்கு அடியில், வெண்படலத்துக்குக் கீழே தேங்கும் இடம். அது மெத்தென்று இருந்தால் நல்லது, தடித்த உறை கட்டினால் நீர் மறுபடி தேங்கும். சித்தப்பா காதில் விழுந்தது இதன் மிச்சமாக இருக்கலாம். எல்லாக் கண்ணிலும் அப்படி ஆவதில்லை, உறை கட்டினாலும் பல சமயம் மருந்திலும் மசாஜிலும் அடங்கும்.

இதில் ஒரு விஷயம் எப்போதும் விட்டுப்போகிறது. லேசர் வேண்டாம் என்றால் மாற்று என்ன? சொட்டு மருந்து, வருடக்கணக்கில். அதில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு வெண்படலத்தில் நீண்டகால அழற்சியை உண்டாக்குகிறது. 1994இல் பிராட்வே குழு, பல மருந்துகளை நெடுநாள் விட்டவர்களின் வெண்படலத்தில் அழற்சிச் செல்களும் தழும்பு போடும் ஃபைப்ரோபிளாஸ்ட்களும் கூடியிருப்பதையும், அவர்களுக்கு டிரெபெக்குலெக்டமி தோற்பது அதிகம் என்பதையும் காட்டியது. லேசர் உள்ளே தழும்பு போடுகிறது என்று பயந்து பத்து வருடம் சொட்டு விட்டால், ஆபரேஷனுக்குத் தேவையான வெளித் திசு அதற்குள் சிவந்து தடித்திருக்கும். இதை ஏன் யாரும் தழும்பு என்று சொல்வதில்லை? கண்ணில் லேசர் என்றால் ஊரே கூடுகிறது, சொட்டு மருந்து என்றால் தண்ணீர் என்று நினைக்கிறார்கள்.

20 ஜனவரி 2023

சொட்டு மருந்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நிறுத்திவிடாதீர்கள்! பாதுகாப்புப் பொருள் சேராத சொட்டுகளும் கிடைக்கின்றன, விலைதான் கூட. கண் எரிந்து சிவந்துகொண்டே இருந்தால் டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

2 பிப்ரவரி 2023

இப்போது எஸ்.எல்.டி. இதற்கு நான் கணக்குப் போடாமல் இருக்க முடியாது, வேண்டாதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போங்கள்.

ஆர்கான்: புள்ளியின் விட்டம் 50 மைக்ரான், நேரம் 0.1 விநாடி, திறன் 800 மில்லிவாட் என்று வைத்தால் ஒரு புள்ளிக்கு 80 மில்லிஜூல். எஸ்.எல்.டி: விட்டம் 400 மைக்ரான், நேரம் 3 நானோவிநாடி, ஆற்றல் 0.8 மில்லிஜூல். ஆற்றலில் நூறில் ஒரு பங்கு, அதுவும் 64 மடங்கு பெரிய பரப்பில் பரவுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆர்கானில் ஏறக்குறைய 40,000 மில்லிஜூல், எஸ்.எல்.டியில் ஆறு சொச்சம். ஆறாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

வேடிக்கை என்னவென்றால், உச்சத் திறன் எஸ்.எல்.டிக்குத்தான் அதிகம். 0.8 மில்லிஜூலை 3 நானோவிநாடியில் அடைத்தால் 2 லட்சத்து 60 ஆயிரம் வாட்டுக்கு மேல் வருகிறது. அப்படியும் திசு வேகவில்லை. காரணம் நேரம். மெலனின் என்ற நிறமித் துகள் சூடானால் அந்தச் சூடு பக்கத்துக்குப் பரவ ஒரு மைக்ரோவிநாடி அளவு பிடிக்கும். எஸ்.எல்.டியின் துடிப்பு அதற்குள் முடிந்துவிடுகிறது. ஆர்கான் அந்த மைக்ரோவிநாடியைப் போல லட்சம் மடங்கு நேரம் நிற்கிறது. முன்னதில் மெலனின் உள்ள செல் மட்டும் சாகிறது, பின்னதில் அக்கம்பக்கமும் சேர்ந்து வேகிறது.

இந்தத் தத்துவத்தை ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் தோல் சிகிச்சைக்காகச் சொன்னார்கள். மார்க் லட்டினா அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். ஆய்வகத்துச் சல்லடைச் செல்களில் செய்து காட்டிய கட்டுரை 1995. அமெரிக்க அனுமதி 2001. அதே வருடம் கிரேமரும் நோக்கரும் கண் வங்கிக் கண்களில் இரண்டு லேசரையும் வைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆர்கான் பட்ட இடத்தில் குழி, வெந்த நார். எஸ்.எல்.டி பட்ட இடத்தில் குழி இல்லை, நார்கள் அப்படியே. செல்லுக்குள் நிறமித் துகள்கள் விரிசல் விட்டு, சில செல்கள் சிதைந்திருந்தன, அவ்வளவுதான்.

அனுபவத்திலும் வித்தியாசம் உண்டு. ஆர்கானில் சில புள்ளிகள் சுருக்கென்று குத்தின. எஸ்.எல்.டியில் டிக் டிக் என்ற சத்தமும் பச்சை வெளிச்சமும் மட்டும். அந்தக் கண்ணாடி லென்ஸை ஜெல் தடவி அழுத்தி வைத்ததுதான் எரிச்சல்.

3 பிப்ரவரி 2023

நேற்று "குழி இல்லை" என்று எழுதியதை ஒருவர் "அப்போ எஸ்.எல்.டி ஒன்றுமே செய்யாது" என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. செய்து முடித்த ஓரிரு மணி நேரத்தில் அழுத்தம் தாவி ஏறலாம், அதனால்தான் உட்கார வைத்து மறுபடி பார்க்கிறார்கள். இரண்டொரு நாள் கண் கூசும். சிலருக்கு ஐரிஸ் சல்லடையோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன ஒட்டல்கள் வரும், ஆர்கானைவிடக் குறைவு. கருவிழி மங்கி வீங்கி, அரிதாகக் கண்ணாடி எண்ணே மாறிப்போன சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. சல்லடையில் நிறமி மிக அடர்ந்த கண்களில், நிறமி சிதறும் வகைக் கிளாகோமாவில், அழுத்தம் ஏறி இறங்காமல் ஆபரேஷன் வரை போன சிலரைப் பற்றி 2005இல் கனடாவிலிருந்து எழுதினார்கள். மெலனின் அதிகம் என்றால் உறிஞ்சும் சூடும் அதிகம். அப்படிப்பட்ட கண்ணுக்கு ஆற்றலைக் குறைத்து, பாதி வளையம் மட்டும் செய்வார்கள்.

11 பிப்ரவரி 2023

நல்ல கேள்வி ஒன்று, திருச்சியிலிருந்து ஒரு தங்கை: "தழும்பே இல்லை என்றால் எஸ்.எல்.டியின் பலன் மட்டும் ஏன் தேய்கிறது?"

லேசர் நோயை நிறுத்துவதில்லையே. செல்கள் குறைந்துகொண்டே போகும் திசுவில் ஒரு தடவை துப்புரவு நடக்கிறது, அவ்வளவுதான். நோய் அதன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. ஆர்கானிலும் பலன் தேய்ந்ததற்கு இதே காரணத்தைச் சொல்லலாம், மேலே தழும்பும் சேர்ந்ததால் திரும்பச் செய்ய வழியில்லாமல் போனது. எஸ்.எல்.டியில் திரும்பச் செய்ய இடம் இருக்கிறது. நார்கள் முறியவில்லை என்பதன் நடைமுறைப் பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் கஸ் கஸார்டு தலைமையில் நடந்த லைட் என்ற ஆய்வு 718 பேரைச் சேர்த்தது. பாதிப் பேருக்கு முதலில் எஸ்.எல்.டி, பாதிப் பேருக்கு முதலில் சொட்டு. மூன்று வருடத்தில் லேசர் பக்கம் 74 சதவீதம் பேர் சொட்டே இல்லாமல் இலக்கு அழுத்தத்தில். தேவைப்பட்டவர்களுக்கு இரண்டாம் முறையும் செய்தார்கள். ஆறு வருடத்தில் லேசர் பக்கக் கண்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இன்னும் சொட்டும் ஆபரேஷனும் இல்லாமல். டிரெபெக்குலெக்டமி வரை போனவை: லேசர் பக்கம் 13 கண்கள், சொட்டுப் பக்கம் 32. தழும்பு பின்னாளில் கெடுக்கும் என்றால் இந்த எண்கள் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். 2022இல் அந்த நாட்டின் வழிகாட்டுதலே மாறி, புதிய நோயாளிகளுக்கு முதல் சிகிச்சையாக எஸ்.எல்.டியைச் சொல்கிறது.

"அதெல்லாம் வெள்ளைக்காரக் கண், நம்ம கண் கறுப்பு" என்று யாராவது சொல்வதற்கு முன்: தான்சானியாவில் மோஷி நகரில் நடந்த ஆய்வு 2021இல் வந்தது. முற்றிய நோய், கறுத்த கண்கள், மருந்து வாங்க வசதி குறைந்த மக்கள். ஒரு வருட முடிவில் வெற்றி எஸ்.எல்.டியில் 61 சதவீதம், டிமோலால் சொட்டில் 31. உங்கள் அப்பா சொட்டு விடமாட்டார் என்றீர்களே, அவருக்குப் பொருந்துவது இந்த ஆய்வுதான்.

12 பிப்ரவரி 2023

என் இடது கண் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். ஒரு சொட்டு குறைந்தது, ஒன்று தொடர்கிறது. சொட்டே வேண்டாம் என்ற கூட்டத்தில் நான் இல்லை.

6 மார்ச் 2023

சேலத்து நண்பர் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "கோணம் குறுகல், ஐரிஸில் லேசர் ஓட்டை போடணும் என்கிறார்கள்." இது வேறு வேலை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் திசு கெட்டுப்போன பெரிய கதை இங்கேதான் இருக்கிறது.

கோணம் மூடும் வகையில் சல்லடையைத் தொடுவதில்லை. ஐரிஸின் ஓரத்தில் சின்ன ஓட்டை போட்டால் பின்னால் தேங்கிய நீர் முன்னே வந்துவிடும், ஐரிஸ் தளர்ந்து பின்வாங்கும். முன்பு இதையும் ஆர்கானால் போட்டார்கள். தடித்த பழுப்பு ஐரிஸுக்கு நிறையச் சுட வேண்டும், குறுகிய கண்ணில் கருவிழி மிக அருகில் இருக்கிறது. ஜப்பானில் இதன் விலை தெரிந்தது. லேசர் வைத்துப் பல வருடம் கழித்து கருவிழி வீங்கி, கொப்புளித்து, மாற்றுக் கருவிழி கேட்டு வந்தார்கள். அங்கே கருவிழி மாற்று அறுவைக்கு வரும் காரணங்களில் இதுவே முக்கியமான ஒன்றாக ஆனது. கருவிழியின் உள்வரிசைச் செல்கள் பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2500 போல இருக்கும். போனால் போனதுதான், புதிதாகப் பெருகி நிரப்பாது. மிச்சம் இருப்பவை அகன்று இடத்தை மூடும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. நீண்டகாலத் திசு விளைவு என்று கேட்டால் நான் முதலில் சுட்டுவது சல்லடையை இல்லை, இதை.

இப்போது பெரும்பாலும் யாக் என்ற வேறு வகை லேசர், அல்லது கொஞ்சம் ஆர்கான் வைத்து மெலிதாக்கிவிட்டு யாக். ஆற்றல் மிகக் குறைவு, ஓட்டை மூடிக்கொள்வதும் குறைவு.

அம்மாவுக்கு வேண்டுமா என்பது எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்தது. வேலூரில் குறுகிய கோணம் மட்டும் இருந்த 50 பேரை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது 22 சதவீதம் பேருக்கு அடுத்த கட்டம், அதாவது ஒட்டலோ அழுத்த ஏற்றமோ, வந்திருந்தது. சீனாவின் குவாங்சோவில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் ஓட்டை போட்டு மறு கண்ணைச் சும்மா விட்டு ஆறு வருடம் பார்த்தார்கள். கோளாறு முற்றியது ஓட்டை போட்ட கண்களில் 19, போடாதவற்றில் 36. பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் போடாத 889 கண்ணிலும் 36தான் என்று படித்தால் வேறு மாதிரித் தோன்றும். ஒட்டல் தொடங்கியிருந்தாலோ, அழுத்தம் ஏறியிருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இதே நோயில் பார்வை போயிருந்தாலோ நான் தள்ளிப்போட மாட்டேன். வெறும் குறுகல் என்றால் டாக்டரோடு உட்கார்ந்து பேசலாம்.

7 மார்ச் 2023

ஐரிஸில் ஓட்டை போட்ட பிறகு சிலருக்குப் பார்வையில் வெளிச்சக் கோடு தெரியும். எங்கே போட்டால் அது தெரியாது என்று இங்கே நடக்கும் சண்டைக்கு: மேலே, இமைக்கு அடியில் போடுவதா, பக்கவாட்டில் போடுவதா என்று நம் அரவிந்த் மருத்துவமனைகளிலேயே ஒப்பிட்டு 2018இல் எழுதினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. சிலருக்கு எங்கே போட்டாலும் கோடு தெரிகிறது, பலருக்கு எங்கே போட்டாலும் தெரிவதில்லை.

புரையும் சேர்ந்திருந்தால் லென்ஸை எடுப்பதே கோணத்தைத் திறந்துவிடும். 2016இல் 419 பேரிடம் நடந்த ஈகிள் ஆய்வில், அழுத்தம் ஏறிய கோணமூடல்காரர்களுக்கு ஓட்டையைவிட லென்ஸ் மாற்றுவது நன்றாக இருந்தது, தெளிவான லென்ஸாக இருந்தாலும்.

29 மார்ச் 2023

மாமியாருக்கு சர்க்கரை நோயால் ஐரிஸில் புதிய ரத்தக் குழாய் முளைத்து அழுத்தம் 50க்கு மேல், டயோடு லேசர் என்கிறார்கள் என்று ஒருவர். இதுதான் நாலாவது வகை. சுரக்கும் திசுவையே கருக்குவது. அந்தத் திசு திரும்ப வராது, வரக்கூடாது என்பதுதான் நோக்கமே. அதிகமாகிவிட்டால் கண் அழுத்தம் இல்லாமல் சுருங்கிப்போகும் ஆபத்து உண்டு, அதனால் கொஞ்சமாகச் செய்து, காத்திருந்து, தேவைப்பட்டால் மறுபடி செய்வார்கள். வலியில் துடிக்கும் கண்ணுக்கு இது பெரிய ஆறுதல். இங்கே தழும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது நேர விரயம்.

17 ஆகஸ்ட் 2024

பழைய இழையைக் கிளப்புகிறேன். பரிசோதனைக்குப் போயிருந்தேன். வலது கண்ணின் கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்த்த இளம் டாக்டர், பக்கத்து அறையில் இருந்த மாணவர்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். அவர்கள் யாரும் ஆர்கான் வைத்த கோணத்தைப் பார்த்ததில்லையாம். ஐரிஸிலிருந்து சல்லடைக்கு முக்கோணமாக ஏறிய சின்ன ஒட்டல்கள், நடுநடுவே வெளுத்த இடங்கள். வரிசையில் நின்று பார்த்தார்கள். "சார், நீங்க மியூசியம்" என்றது ஒரு பெண். கட்டணத்தில் ஏதாவது கழிப்பார்களா என்று கேட்டேன், சிரித்தார்கள்.

இடது கண்ணையும் பார்த்தார்கள். எஸ்.எல்.டி செய்த அடையாளம் தெரிகிறதா என்று கேட்டேன். ஃபைலைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார்கள்.

அந்த ஒட்டல்கள் 1993இல் சுட்ட புள்ளி கொஞ்சம் பின்னால், ஐரிஸ் பக்கமாக விழுந்ததால் வந்திருக்கலாம் என்றார் மூத்த டாக்டர். முன் ஓரமாக வைத்தால் ஒட்டல் குறையும் என்று பிற்பாடு கற்றுக்கொண்டார்களாம். ஆக, ஆர்கான் தழும்பிலும் ஒரு பங்கு லேசருடையது, ஒரு பங்கு கையுடையது. சித்தப்பாவிடம் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

22 ஆகஸ்ட் 2024

முதல் கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டிருக்கிறார். அப்பாவுக்குப் போன வருடமே இரண்டு கண்ணிலும் எஸ்.எல்.டி ஆகிவிட்டது, அழுத்தம் 26இலிருந்து 18க்கு வந்து நிற்கிறது, சொட்டு இப்போதைக்கு இல்லை. "இனி செக்கப் வேண்டாம்தானே என்கிறார் அப்பா" என்று எழுதியிருக்கிறார்.

வேண்டும், தம்பி. சொட்டு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அழுத்தம் ஏறினால் கண் சொல்லாது, வலிக்காது. பலன் எப்போது தேயும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை, அதனால் அழுத்தமும் பார்வைப் பரப்புச் சோதனையும் டாக்டர் சொன்ன தேதியில் நடக்க வேண்டும்.

இன்னொன்று. எந்தக் கண், எந்த லேசர், எந்தத் தேதி, வளையத்தில் 180 டிகிரியா 360 டிகிரியா, எவ்வளவு மில்லிஜூல், எத்தனை புள்ளி என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை செய்ய வேண்டிவந்தால் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். என் 1993 சீட்டில் "லேசர் செய்யப்பட்டது" என்று ஒரே வரி.

23 ஆகஸ்ட் 2024

சித்தப்பா இப்போது என்ன சொல்கிறார் என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். அவருக்கும் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன். கிளாகோமா குடும்பத்தில் வருவது, கூடப் பிறந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். போக மாட்டேன் என்கிறாராம்.